தர்மக் கணக்கில் எழுதக் கூடாத தொகை



ஆண்டுதோறும் டிசம்பர் 7-ஆம் தேதி கொடிநாள். 1949-ஆம் ஆண்டிலிருந்து நாடெங்கும் கடைப்பிடிக்கப்பட்டு வருகிறது. திருவண்ணாமலையில் கடை வைத்திருக்கும் நமக்கு அது தீபக் காலம். 2022-இல் டிசம்பர் 6-ஆம் தேதி தீபம், மறுநாளே கொடிநாள். சரக்கு இறக்கவும் சில்லறை எண்ணவும் ஆள் போதாத வேளையில் ரசீதுப் புத்தகத்தோடு ஒருவர் வந்து நிற்பார். நூறோ இருநூறோ கொடுத்துக் கொடியை வாங்கிக் கல்லாப் பெட்டியின் மேல் செருகிவிட்டு, கணக்குப்பிள்ளையைப் பார்த்து "தர்மத்தில் எழுதப்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த லாரியைப் பார்க்கப் போய்விடுகிறோம். இரவு கணக்கு முடிக்கும்போது அந்தத் தொகை அன்னதான அரிசிக்கும் கோயில் எண்ணெய்க்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும்.

அந்தப் பக்கத்தில்தான் நமக்கு மாறுபாடு. போர்முனையில் உயிர் விட்ட வீரனின் பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டுவது தர்மம் அல்ல, பாக்கி. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை வக்கீலைவிட வியாபாரி நன்றாக அறிவான். தர்மம் கொடுப்பவர் விருப்பம். இந்த ஆண்டு மகசூல் நன்றாக இருந்தால் கூடுதலாகக் கொடுப்போம், விலை விழுந்தால் குறைப்போம், கேட்க ஆளில்லை. பாக்கி அப்படியல்ல. சரக்கு நம் கிடங்குக்கு வந்துவிட்டது, பில்லும் வந்துவிட்டது. அதன் பிறகு "இந்த ஆண்டு இவ்வளவுதான் முடியும்" என்று ஒருவர் சொன்னால் அவரைப் பற்றி மண்டியில் என்ன பேசுவார்கள் என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

அரசாங்கமே முதலில் இதைப் பாக்கி என்ற முறையில்தான் ஏற்றுக்கொண்டது. 1971 டிசம்பர் 16-இல் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. இரண்டே நாளில், டிசம்பர் 18-ஆம் தேதி, போரில் இறந்தவர், காணாமற் போனவர், ஊனமுற்றவர் ஆகியோரின் பிள்ளைகளுக்குக் கல்விச் சலுகை தரப்படும் என்று மக்களவையில் அறிவித்தார்கள். 1972-இல் நடைமுறைக்கு வந்தது. படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், புத்தகம், சீருடை எல்லாம் அதில் அடக்கம். போர் முடிந்து கணக்குப் பார்க்கும் முன்பே கொடுக்க வேண்டியதை ஒப்புக்கொண்ட செயல் அது. ஏறத்தாழ நாற்பத்தைந்து ஆண்டுகள் பெரிய சிக்கல் இல்லாமல் ஓடியது.

2017 ஜூலை 1-ஆம் தேதியை நாம் மறக்க மாட்டோம். ஜிஎஸ்டி வந்த நாள். பழைய இருப்புக்கு என்ன வரி, பருப்புக்கு பிராண்ட் போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன என்று ஆடிட்டர் வாசலில் நாம் காத்துக் கிடந்த அதே நாளிலிருந்து, இந்தக் கல்விச் சலுகைக்கும் ஓர் உச்சவரம்பு வைக்கப்பட்டது. படிப்புக்கும் விடுதிக்கும் சேர்த்து மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் கிடையாது என்று ஆணை. ஏழாவது ஊதியக் குழுவின் பரிந்துரைகளைத் தொடர்ந்து வந்த மாற்றங்களில் இதுவும் ஒன்று. நமக்கு இருந்த தலைவலியில் அது கண்ணில் படவே இல்லை.

அதனால் மிச்சமானது எவ்வளவு? அரசே நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்கு இது: 2017-18 கல்வியாண்டில் சுமார் 250 மாணவர்கள் பாதிக்கப்பட்டார்கள், மிச்சம் சுமார் 3 கோடியே 20 லட்சம் ரூபாய். வகுத்துப் பாருங்கள், ஒரு பிள்ளைக்கு ஒன்றேகால் லட்சத்துக்குச் சற்று மேல் வரும். நாடு முழுவதற்கும் சேர்த்து ஆண்டுக்கு மூன்று கோடி. நடுத்தரமான ஒரு மண்டியின் ஒரு வருட விற்றுமுதலே அதைவிடக் கூடுதலாக இருக்கும். முப்படைத் தளபதிகள் குழுவின் தலைவராக அப்போது இருந்த கடற்படைத் தளபதி அட்மிரல் சுனில் லாம்பா, அந்த உச்சவரம்பை நீக்கும்படி பாதுகாப்பு அமைச்சர் நிர்மலா சீதாராமனுக்குக் கடிதம் எழுதினார். முன்னாள் வீரர்களும் பத்திரிகைகளும் குரல் கொடுத்த பிறகு 2018 மார்ச்சில் உச்சவரம்பை எடுத்துவிட்டார்கள். சரியான முடிவு. ஆனால் அந்த எட்டு ஒன்பது மாதம் நமக்கு ஒன்றைக் காட்டிவிட்டது. பாக்கியை தர்மம் என்று யாரோ ஓர் அதிகாரி நினைத்துவிட்டால், அதற்குக் கத்தரி வைக்க ஒரு பேனாக் கோடு போதும்.

பாக்கி என்று நாம் சொல்வது புதுக் கண்டுபிடிப்பு அல்ல. நம் மாவட்டத்து மண்ணிலேயே அதற்குச் சான்று இருக்கிறது. செங்கம் வட்டாரத்து நடுகற்களைப் பார்க்காதவர் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். மாட்டு மந்தையைக் கவர வந்தவரோடு பொருதி மாண்டவருக்கு, பல்லவ மன்னர் காலத்தில், எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு என்று எழுத்து வெட்டிக் கல் நட்டிருக்கிறார்கள். எடுத்தனூரில் தன் எஜமானன் வீழ்ந்த பின்னும் கள்வரைக் கடித்து நின்ற கோவிவன் என்ற நாய்க்கும் அதே கல்லில் இடம் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கல்வெட்டுகளைத் தமிழக அரசின் தொல்லியல் துறை நூலாக வெளியிட்டதும் 1972-இல்தான். கல்லோடு நின்றுவிடவும் இல்லை. வீழ்ந்தவனின் குடும்பத்துக்கு நிலம் விட்டார்கள். பழைய கல்வெட்டுகளில் அந்த நிலத்துக்கு உதிரப்பட்டி என்றும் நெய்த்தோர்ப்பட்டி என்றும் பெயர். உதிரம் என்றாலும் நெய்த்தோர் என்றாலும் இரத்தம். இரத்தத்துக்கு ஈடாக விட்ட நிலம் என்று பெயரிலேயே எழுதிவைத்தார்கள். தானம் என்றோ இனாம் என்றோ அதற்குப் பெயர் சூட்டவில்லை.

வெள்ளைக்காரன் காலத்தில் நம் பக்கத்து ஊர்கள் பலவற்றிலிருந்து முதல் உலகப் போருக்கு ஆள் போனார்கள். இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர் விட்டார்கள் என்று கல்வெட்டுப் பலகை மட்டும் இன்றும் பல ஊர்களில் இருக்கிறது. பேர்கூட இல்லை, எண்ணிக்கைதான். அதே போரில் பிரான்ஸ் நாடு 1917-இல் தனிச் சட்டமே போட்டு, தந்தையை இழந்த குழந்தைகளை தேசத்தின் பிள்ளைகளாக எடுத்துக்கொண்டது. அமெரிக்காவில் 1956-இல் போரில் இறந்தவரின் பிள்ளைகள் கல்லூரியில் படிக்கப் பணம் தரும் சட்டம் வந்தது. நாம் 1971-இல் வந்து சேர்ந்தோம். தாமதம்தான், ஆனாலும் வந்துவிட்டோம்.

வட ஆற்காடு என்று ஒரே மாவட்டமாக நாம் இருந்த காலம் தொட்டே இது பட்டாளத்துக்கு ஆள் கொடுக்கும் சீமை. வேலூர் மாவட்டம் கம்மவான்பேட்டைக்கு மிலிட்டரிப் பேட்டை என்றே பெயர். வீட்டுக்கு ஒருவர் படையில் இருந்திருப்பார். 2016 பிப்ரவரியில் சியாச்சினில் பனிச்சரிவு வந்து பத்து வீரர்கள் மாண்டபோது, அதில் நால்வர் தமிழ்நாட்டவர், ஒருவர் வேலூர் மாவட்டத்துக்காரர். 2020 ஜூன் 15-ஆம் தேதி கல்வானில் சீனப் படையோடு நடந்த மோதலில் ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூரைச் சேர்ந்த ஹவில்தார் பழனி உயிர் விட்டார். பின்னர் வீர் சக்ரா விருது கிடைத்தது. பத்திரிகையில் முதல் பக்கத்தில் படம் வரும், மந்திரி வருவார், மாலை வைப்பார்கள், நாமும் கடை அடைத்து அஞ்சலி செலுத்துகிறோம். அது தவறில்லை. ஆனால் அன்றைக்குத் தகப்பன் பெட்டிக்கு முன்னால் நின்ற பிள்ளைக்கு ஐந்து வயது என்றால், அது கல்லூரி வாசலுக்குப் போக இன்னும் பன்னிரண்டு பதின்மூன்று ஆண்டுகள் இருக்கின்றன. அதற்குள் மந்திரி மாறியிருப்பார், ஆட்சியர் பத்துப் பேர் மாறியிருப்பார்கள், பத்திரிகைக்குப் பெயர்கூட நினைவிருக்காது. மாறாமல் அந்த ஊரில் இருப்பவர் யார் என்று பார்த்தால், அந்த வீட்டுக்கு அரிசி பருப்பு கொடுக்கும் கடைக்காரர்தான்.

இனி நடைமுறைக்கு வருவோம். இங்கேதான் நம் வியாபார அறிவுக்கு வேலை இருக்கிறது.

இலவசக் கல்வி என்று நாம் சொல்லிக்கொண்டாலும், மத்திய அரசின் இந்தச் சலுகை நடப்பது திரும்பக் கொடுக்கும் முறையில். குடும்பம் முதலில் கட்டணத்தைக் கட்ட வேண்டும். ரசீது வாங்க வேண்டும். வீரர் பணியாற்றிய படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துச் சான்று வேண்டும். மதராஸ் ரெஜிமெண்ட் என்றால் வெல்லிங்டன், மதராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு, பீரங்கிப் படை என்றால் நாசிக். போளூரிலோ செங்கத்திலோ இருக்கும் ஒரு பெண் நாசிக்குக்கு ஆங்கிலத்திலோ இந்தியிலோ கடிதம் எழுதிப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். கல்லூரி கேட்கும் காப்புத் தொகை, நன்கொடை இவற்றுக்கு இந்தச் சலுகையில் இடமில்லை. புத்தகத்துக்கு 2017 ஆணையில் வைத்த தொகை ஆண்டுக்கு 2,000 ரூபாய். பொறியியல் புத்தகம் விற்கும் கடைக்காரர் நம்மில் யாராவது இருந்தால் அந்த 2,000-க்கு எத்தனை புத்தகம் வரும் என்று அவரே சொல்லட்டும். அரசு, அரசு உதவி பெறும் நிறுவனங்கள், மத்திய மாநில அரசுகளின் அங்கீகாரம் பெற்ற கல்லூரிகள் ஆகியவற்றுக்குத்தான் இது பொருந்தும் என்பதையும் சேரும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். சேர்ந்த பிறகு பார்த்தால் பயனில்லை.

நம் வேங்கிக்காலில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருப்பதால், திங்கட்கிழமை மனு நாளில் மாவட்டம் முழுவதும் நம் கடைத்தெரு வழியாகத்தான் போகிறது. பிளாஸ்டிக் உறையில் காகிதக் கட்டோடு வரும் பெண்களை நாம் தினமும் பார்க்கிறோம். அப்படி ஒரு தாயாரை, நம்மிடம் சரக்கு எடுக்கும் கிராமத்துக் கடைக்காரர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன்பு நம் மண்டிக்கு அழைத்து வந்தார். "ஐயா, இந்த அம்மா என் கடையில பற்று வெச்சிருக்கறவங்க. வீட்டுக்காரர் பட்டாளத்துல இருந்து தவறிட்டார். பையனுக்குக் காலேஜ் ஃபீசு விஷயமா ஒரு வார்த்தை கேக்கணுமாம்" என்றார். விசாரித்ததில் கதை இதுதான். கலந்தாய்வில் இடம் கிடைத்த கல்லூரியில், படிப்புக்கும் விடுதிக்கும் சேர்த்து 86,000 ரூபாயை ஒரு வாரத்துக்குள் கட்டினால்தான் இடம் என்றிருக்கிறார்கள். அந்தம்மாள் அரசு ஆணையின் நகலைக் காட்டியிருக்கிறார். அரசு தருகிறபோது நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள், எங்களுக்கு இப்போது கட்டுங்கள் என்று பதில் வந்திருக்கிறது. சட்டப்படி அதில் குற்றமும் இல்லை. நகையை வைத்து, நூற்றுக்கு ஒன்றரை வட்டிக்கு வாங்கிக் கட்டியிருக்கிறார். அரசுப் பணம் கைக்கு வர ஒன்பது மாதம் ஆயிற்று. முழுப் பணமும் வந்தது, ஒரு ரூபாய் குறையவில்லை.

ஒன்பது மாத வட்டி எவ்வளவு என்று நம் கணக்குப்பிள்ளை நின்ற இடத்திலேயே போட்டார். 11,610 ரூபாய். இலவசக் கல்வியின் முதலாண்டுக்கு அந்தக் குடும்பம் கொடுத்த விலை அது. அடுத்த ஆண்டும் இதே கதை, அதற்கடுத்த ஆண்டும் இதே கதை. அந்தத் தாயார் நம்மிடம் பணம் கேட்டு வரவில்லை. வட்டியைத் திரும்பப் பெற ஏதாவது மனு இருக்கிறதா என்றுதான் கேட்டார். அப்படி ஒரு மனு கிடையாது.

வியாபாரத்தில் இதற்கு என்ன பெயர்? பணம் இல்லாத குறை அல்ல, நடைமுதல் இல்லாத குறை. வர வேண்டியது உறுதி, வரும் நாள்தான் உறுதியில்லை. நம்மில் எத்தனை கடை இதனாலேயே சரிந்திருக்கிறது! புத்தகத்தில் லாபம் இருக்கும், கல்லாவில் காசு இருக்காது. நமக்குக் கூட்டுறவு வங்கி உண்டு, ஓவர்டிராப்ட் உண்டு, தெரிந்த மண்டியில் முப்பது நாள் தவணை உண்டு. அந்த அம்மாளுக்கு அடகுக் கடை மட்டும் உண்டு.

வேறு உதவிகளே இல்லையா என்று கேட்கலாம். இருக்கின்றன. பிரதமர் கல்வி உதவித்தொகை 2019-இல் மாணவருக்கு மாதம் 2,500, மாணவிக்கு 3,000 என்று உயர்த்தப்பட்டது. ஹவில்தார் பதவி வரையிலான முன்னாள் வீரர் குடும்பங்களுக்கு, பிள்ளைகளின் படிப்புக்கு மாதம் 1,000 என்றிருந்த நிதியுதவி 2025 நவம்பர் முதல் 2,000 ஆகியிருக்கிறது. நம் மாநில அரசு அரசுப் பள்ளியில் படித்து 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் தொழிற்கல்விக்குப் போகும் பிள்ளைகளுக்குக் கட்டணம், விடுதி எல்லாவற்றையும் 2021 முதல் தானே ஏற்கிறது. மிக நல்ல திட்டம். ஆனால் பட்டாளத்துக்காரர் பிள்ளை தகப்பனோடு ஊர் ஊராய் மாறியதால் கேந்திரிய வித்யாலயாவில் படித்திருக்கும். அந்த ஒதுக்கீடு அதற்குப் பொருந்தாது. ஊர் மாறியது பிள்ளையின் விருப்பத்தால் அல்ல என்பதை ஒருவரும் நினைப்பதில்லை.

இன்னொரு கூட்டத்தாரையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2019 பிப்ரவரி 14-ஆம் தேதி புல்வாமாவில் மாண்ட நாற்பது பேரும் மத்திய ரிசர்வ் போலீஸ் படையினர். தூத்துக்குடி மாவட்டத்தவர் ஒருவரும் அரியலூர் மாவட்டத்தவர் ஒருவரும் அவர்களில் உண்டு. நாம் அவர்களை ராணுவ வீரர் என்றே சொல்லிக் கண்ணீர் விட்டோம். ஆனால் அந்தப் படை உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருவது. 1972-இல் வந்த இந்தச் சலுகை பாதுகாப்பு அமைச்சகத்தினுடையது, முப்படையினருக்கானது. துணைப் படையினருக்கு வேறு உதவித்தொகைகள் இருக்கின்றன. 2019-இல் தீவிரவாதத் தாக்குதலில் இறந்த மாநிலப் போலீசாரின் பிள்ளைகளையும் ஆண்டுக்கு 500 பேர் வரை பிரதமர் உதவித்தொகையில் சேர்த்தார்கள். ஆனாலும் முழுக் கட்டணத்தையும் வரம்பின்றித் தருவது என்பது வேறு, மாதம் ஒரு தொகை தருவது என்பது வேறு. குண்டு வந்தபோது சட்டைப் பையில் எந்த அமைச்சகத்தின் அடையாள அட்டை இருந்தது என்பதைப் பார்த்துப் பிள்ளையின் படிப்பை முடிவு செய்வது நமக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை. மத்திய அரசு இரண்டையும் ஒரே அளவில் வைக்க வேண்டும் என்று நம் சங்கம் தீர்மானம் போட்டு அனுப்பலாம். தீர்மானம் போடுவதில் செலவு ஒன்றுமில்லை.

செலவுள்ள காரியத்தைப் பற்றி இப்போது சொல்கிறோம். மகமை என்ற சொல் நம் இளைய வியாபாரிகளுக்கு மறந்துவருகிறது. மூட்டைக்கு இவ்வளவு என்று எடுத்துவைத்துப் பொதுக் காரியம் செய்தது தமிழ்நாட்டு வணிகர்களின் பழைய பழக்கம். விருதுநகரில் 1889-இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை அப்படி வணிகர்கள் மகமைப் பணத்தில் நடத்திய பள்ளி. பணம் மட்டுமல்ல, வீட்டுக்கு வீடு பிடி அரிசியும் எடுத்துக் கொடுத்தார்கள். பெருந்தலைவர் காமராஜர் படித்த பள்ளி அது. பின்னாளில் அவர் மாநிலமெங்கும் பள்ளி திறந்ததற்கும் பகல் உணவு போட்டதற்கும் வித்து எங்கே விழுந்தது என்பதை அவரவர் யூகித்துக்கொள்ளலாம்.

மூட்டைக்கு ஐம்பது காசு வைத்துப் பார்ப்போம். நாளொன்றுக்கு நூறு மூட்டை இறக்கும் கடைக்கு ஐம்பது ரூபாய். ஆண்டில் முந்நூறு நாள் என்றால் 15,000. இருபது கடை சேர்ந்தால் 3 லட்சம். ஒரு பிள்ளைக்குப் படிப்பும் விடுதியும் சேர்ந்து 75,000 என்று வைத்துக்கொண்டால், நான்கு பிள்ளைகளின் முதல் தவணையைச் சங்கம் தன் கையால் கட்டிவிடலாம். அரசுப் பணம் வந்ததும் குடும்பம் அதைச் சங்கத்தில் திருப்பிச் செலுத்தும். அடுத்த ஆண்டு அதே பணம் மறுபடி போகும். இது செலவழிந்து போகும் பணம் அல்ல, சுழலும் பணம். கல்லூரிக்குச் சங்கமே காசோலை கொடுத்துவிட்டால் அடகுக் கடைக்கு வேலை இல்லை. நான்கு பிள்ளைகள் என்றால் சிரிக்க வேண்டாம். நம் ஒரு வட்டாரத்தில் ஓராண்டில் கல்லூரிக்குப் போகும் இத்தகைய பிள்ளைகள் நான்கு பேர்கூட இருக்க மாட்டார்கள். நாடு முழுவதும் இந்தச் சலுகையில் படித்தவர்களே 2017-இல் மூவாயிரத்துக்குள்தான். இருந்தால் எண்பது காசாக்கிக்கொள்வோம்.

இந்த யோசனையை நாலு பேரிடம் பேசியபோது வந்த மறுப்புகளையும் மறைக்க வேண்டியதில்லை.

அவர்களுக்குத்தான் அரசு லட்ச லட்சமாகக் கொடுக்கிறதே என்பது முதலாவது. கொடுக்கிறது, உண்மை. சண்டையில் இறந்தவர் மனைவிக்குக் கடைசியாக வாங்கிய ஊதிய அளவுக்குக் குடும்ப ஓய்வூதியமும் உண்டு. ஆனால் மொத்தமாக வந்த பணம் முதல் அல்லவா? பழைய கடன், பாதியில் நின்ற வீடு, மாமனார் மாமியார் பங்கு, நாத்தனார் கல்யாணம் என்று அதற்கு ஆயிரம் வாய். மீதியை வங்கியில் போட்டு வைத்திருக்கும் ஒரு பெண்ணைப் பார்த்து, அதை உடைத்துக் கட்டணம் கட்டு என்று எந்த வியாபாரி சொல்லலாம்? முதலைத் தின்றால் கடை என்ன ஆகும் என்று தன் மகனுக்குப் பாடம் சொல்பவர் அடுத்த வீட்டுக்கு வேறு பாடம் சொல்வது முறையில்லை.

வரி கட்டுகிறோமே, அரசு பார்த்துக்கொள்ளட்டும் என்பது இரண்டாவது. அரசு பார்த்துக்கொள்கிறது என்றுதான் நாமும் சொல்கிறோம். நாம் கொடுக்கப் போவது கட்டணத்தை அல்ல, ஒன்பது மாதத்தை.

மூன்றாவது மறுப்பு நமக்கே கொஞ்சம் உறைத்தது. ஒரு நண்பர் கேட்டார்: "நம் மண்டியில் மூட்டை தூக்கி முதுகொடிந்து செத்தவன் பிள்ளைக்கு என்ன செய்தோம்? பட்டாளத்துக்காரன் பிள்ளைக்கு மட்டும் என்ன தனி?" நியாயமான கேள்வி. 1982-ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் சுமை தூக்குவோருக்கு நல வாரியம் இருக்கிறது, பிள்ளைகளின் படிப்புக்கு உதவியும் உண்டு. அதில் தம் ஆட்களைப் பதிவு செய்து, புதுப்பித்தும் வைத்திருக்கும் முதலாளிகள் எத்தனை பேர் என்று ஒரு கணக்கெடுத்தால் நமக்குப் பெருமையாக இருக்காது. அந்தப் பாக்கி வேறு பேரேட்டில் இருக்கிறது, அதையும் தீர்க்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு பாக்கியைக் காட்டி இன்னொரு பாக்கியைத் தள்ளிப் போடுவது கடன்காரன் பேச்சு. இரண்டையும் தனித்தனியே எடுத்துக்கொள்வோம்.

பணம் திரும்பி வராவிட்டால் என்ன செய்வது என்றும் கேட்கிறார்கள். நோட்டு எழுதாமல், கையெழுத்து வாங்காமல், முகம் பார்த்து லட்சக்கணக்கில் சரக்குக் கொடுக்கும் நாம் இதைக் கேட்பது வேடிக்கை. இருந்தாலும் ஒழுங்கு வேண்டும். நம் யோசனை இது. பேரேட்டில் அந்தத் தொகையைப் பிள்ளையின் பெயரிலோ தாயாரின் பெயரிலோ கடன் என்று பற்று எழுதக் கூடாது. அரசிடமிருந்து வர வேண்டியது என்று எழுத வேண்டும். அரசு தாமதித்தாலும் மறுத்தாலும் அந்தக் குடும்பத்து வாசலில் போய் யாரும் நிற்கக் கூடாது. வராக்கடனாகப் போனால் சங்கத்துக்குப் போகட்டும். ஆண்டுக்கு ஒன்றிரண்டு பார்ட்டியிடம் நாம் விடாத பணமா?

இன்னொரு கண்டிப்பும் வேண்டும். கட்டில் அளவு காசோலை அட்டை செய்து, பிள்ளையை மேடையேற்றி, பின்னால் நாம் பதினைந்து பேர் பொன்னாடையோடு நின்று படம் எடுப்பது கூடவே கூடாது. பதினெட்டு வயதுப் பிள்ளைக்குத் தன் தகப்பனின் சாவு மேடையில் கைதட்டலோடு நினைவூட்டப்படுவது எப்படி இருக்கும் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும். சரக்குக்குப் பணம் அனுப்பும்போது நாம் போட்டோ எடுக்கிறோமா? இந்த இதழில்கூட எத்தனை பிள்ளைகள், எவ்வளவு தொகை, எவ்வளவு திரும்பியது என்று மூன்று எண்கள் மட்டும் வந்தால் போதும்.

சில்லறைக் கடைக்காரர்களுக்குத் தனியாக ஒரு வேலை இருக்கிறது. அதற்குப் பணமே வேண்டாம். உங்கள் ஊரில் பட்டாளத்தில் இறந்தவர் வீடு எது, பிள்ளைகள் என்ன வகுப்பு என்பது உங்களுக்குத் தெரியும். பிள்ளை பிளஸ் ஒன் வந்ததுமே அந்த வீட்டாரை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போகச் சொல்லுங்கள். ஆவண அலுவலகத்துச் சான்று, ஓய்வூதியக் கட்டளை நகல், பெயர்ப் பிழை திருத்தம் இவற்றுக்கெல்லாம் ஓராண்டு முன்னதாகவே எழுதிப் போட்டால்தான் கல்லூரி சேரும் நேரத்தில் கையில் இருக்கும். பள்ளிச் சான்றிதழில் ஒரு மாதிரியும் படை ஆவணத்தில் ஒரு மாதிரியும் தகப்பன் பெயரின் ஆங்கில எழுத்து இருப்பதால் மட்டுமே நின்றுபோன மனுக்களை நாம் பார்த்திருக்கிறோம். பொறியியல், மருத்துவக் கலந்தாய்வில் முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடு இருப்பதும் பலருக்குத் தெரியாது. விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் விட்டுவிட்டுப் பிறகு அலைகிறார்கள். பருப்பு மடித்துக் கொடுக்கும் நேரத்தில் சொல்லிவிடக்கூடிய விஷயம்.

சங்கத்தின் சேமிப்பைக் கல்யாண மண்டப நிதிக்கே வைக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் நம்மிடையே உண்டு. அதில் கை வைக்கச் சொல்லவில்லை. மூட்டைக்கு ஐம்பது காசு தனிச் சிட்டையில், தனி வங்கிக் கணக்கில் வரட்டும். விருப்பமுள்ள கடைகள் மட்டும் முதலில் தொடங்கலாம், இருபது கடை சேராவிட்டால் பத்து. வரும் பொதுக்குழுவில் இந்தப் பொருளை எடுத்துக்கொள்ளும்படி செயலாளருக்கு எழுதியிருக்கிறோம். கல்லூரிச் சேர்க்கை தொடங்குவதற்கு முன் மூன்று மாத மகமையாவது சேர்ந்தால்தான் முதல் பிள்ளைக்குக் காசோலை எழுத முடியும். ஆகவே பேர் கொடுக்க விரும்புவோர் பொதுக்குழு வரை காத்திராமல் பொருளாளரிடம் இப்போதே கொடுக்கலாம். நம் மண்டியில் இம்மாதம் முதல் தேதியிலிருந்து சிட்டை எழுதத் தொடங்கிவிட்டோம்.